தனியாகப் போனவள் – 9: பாலத்தடியில் கிடந்த நீலச் சைக்கிள்

ஒரு சைக்கிள் கிடைத்திருக்கிறது, வந்து அடையாளம் காட்டுங்கள் என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்த இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். போனை எடுத்த பெரியவள், "என்ன கலர்?" என்று மட்டும் கேட்டாள். "நீலம்" என்றார்கள்.

இன்றுதான் படிக்க வந்தவர்களுக்கு நாலு வரி. இந்த வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். சின்னவள் சைக்கிளில் தனியாக ஊர் ஊராகப் போகிறவள். போவதோடு நிற்காமல், அப்படிப் போக ஆசைப்படும் முப்பது பெண்களுக்குப் போனில் குறிப்பு எழுதி அனுப்புகிறவள். இந்தத் தடவை கிளம்பியது நாற்பது நாள் முன்னால். கிளம்பும்போது அம்மா வாசல் வரைகூட வரவில்லை. இருபத்திரண்டாம் நாள் சாயங்காலத்தோடு அவளிடமிருந்து தகவல் நின்றுபோனது. அப்பா ரிட்டயரான லாரி டிரைவர். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாயைக்கூட இடித்ததில்லை. அதனால் கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் 'பிரேக்'.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து அப்பாவும் பெரியவளும் கிளம்பினார்கள். அம்மா வரவில்லை. "எனக்குத் தெம்பில்ல. நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆறு மணி நேரப் பயணம். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பஸ் டிரைவர் ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் தன் இடது காலை அழுத்திக்கொண்டிருந்தார். பெரியவள் போனைத் திறந்து தங்கையின் குறிப்புகளைப் படித்தாள். எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது.

'நாய் துரத்தினா வேகமா மிதிக்காதே. இறங்கு. உனக்கும் அதுக்கும் நடுவுல சைக்கிளை வெச்சுக்கிட்டு நட. ஓடுறதைத்தான் அது துரத்தும். மனுஷங்களும் அப்படித்தான்.'

'ஆள் இல்லாத ரோட்டுல பஞ்சர் ஆனா அங்கேயே உட்கார்ந்து ஒட்டாதே. தள்ளிக்கிட்டே போ. ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிற கடை வரும். அங்க வெச்சு ஒட்டு.'

'தனியாவா வந்தேன்னு கேட்டா, பின்னாடி ரெண்டு பேர் வர்றாங்கன்னு சொல்லு. பொய் சொன்னா பாவம்னு நினைக்கிறவ பஸ்ஸுல போகட்டும்.'

இந்த இடத்தில் வழக்கமாக அவளுக்குச் சிரிப்பு வரும். இன்று வரவில்லை. விரலால் தள்ளித் தள்ளி, அந்தக் குறிப்பு வரும் முன்னாலேயே போனை மூடினாள். எந்தக் குறிப்பு என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஸ்டேஷன் அதிகாரிக்குப் பல்வலி. இடது கன்னம் வீங்கி, கைக்குட்டையை அழுத்திப் பிடித்தபடி பேசினார். பல் டாக்டரிடம் பன்னிரண்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். அதற்குள் இந்த வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவர் நடையிலேயே தெரிந்தது.

"பின்னாடி வாங்க. பாலத்துக்கு அடியில, தண்ணி இறங்கினதும் தெரிஞ்சிருக்கு. துணி துவைக்க வந்தவங்க பார்த்துச் சொன்னாங்க."

பின்கட்டில் பறிமுதல் செய்த வண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே, சுவரில் சாய்த்து, நீலச் சைக்கிள். கம்பிகளுக்கு இடையில் காய்ந்த பாசி. செயின் துருவேறிச் செங்கல் நிறத்தில் இருந்தது. முன்னால் மாட்டும் பையைக் காணோம். பின்பை மட்டும் சேறோடு தொங்கியது.

அப்பா நாலடி தள்ளியே நின்றுவிட்டார். பெரியவள்தான் கிட்டே போனாள்.

சின்னவள் சைக்கிளை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. சீட்டைத் தாங்கும் குழாயில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டு வைப்பாள். 'குதிகாலைப் பெடல்ல வெச்சா கால் நேரா நீளணும். அதுதான் உன் உயரம். அங்க ஒரு கோடு போட்டு வை. நூறு கிலோமீட்டர் போறவளுக்கு ரெண்டு விரல் உயரம் மாறினாலும் முட்டி போயிடும்' என்று எழுதியிருந்தாள்.

பெரியவள் குனிந்து குழாயைத் தேய்த்துப் பார்த்தாள். கோடு இல்லை. சுற்றிலும் பார்த்தாள். சேலைத் தலைப்பால் சேற்றைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். இல்லவே இல்லை.

"அப்பா!" அவள் குரல் உடைந்து சிரிப்பு மாதிரி வந்தது. "அப்பா, இது அவ சைக்கிள் இல்ல. கோடு இல்ல பாருங்க. வேற யாரோடதோ. நீலச் சைக்கிள் ஆயிரம் இருக்கும்."

அதிகாரி முகத்தில் சலிப்பு தட்டியது. அப்பா கிட்டே வந்தார். சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் ஸ்பானர் கேட்டு வாங்கி, சீட்டுக்குக் கீழே இருந்த நட்டைத் திருகினார். துரு பிடித்த நட்டு கீச்சென்று கத்தி இளகியது. சீட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தார்.

குழாய் உள்ளேயிருந்து வந்தது. ஒரு விரல், இரண்டு விரல், நாலு விரல். பிறகு சிவப்புக் கோடு வந்தது. சேறு படாத இடம். நேற்றுப் போட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது.

பெரியவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சரிம்மா. கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார் அதிகாரி. "அன்னிக்கு நல்ல மழை. அந்தப் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் உடைஞ்சு கிடக்கு. சறுக்கியிருக்காங்க. சைக்கிள் அடியில மாட்டிக்கிச்சு, ஆள்... தண்ணி இன்னும் வடியட்டும். தேடச் சொல்லியிருக்கேன். பின்பையில இருக்கிறது அவங்களோடதான்னு பார்த்துச் சொல்லிட்டா, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம்."

பையை மேசையில் கவிழ்த்தார்கள். பஞ்சர் ஒட்டும் டப்பா. துணி காயக் கொடி கட்ட ஒரு நைலான் கயிறு. இரண்டு அரைக்கால் சட்டை, தொடை உரசாமல் இருக்க உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். போலீஸ்காரர் அதைப் பிரிக்கப் போய், என்னவென்று புரிந்து கையை இழுத்துக்கொண்டார். பெரியவள் வாங்கிப் பிரித்தாள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கவர். உள்ளே மாதவிலக்குத் துணிகள், மடிப்புக் கலையாமல். 'மூணு கவர் போடு. மழையில சோறு நனைஞ்சா பட்டினி கிடக்கலாம், இது நனைஞ்சா வண்டி ஓட்ட முடியாது.'

ஆற்றிலே கிடந்தும் அது ஒன்று மட்டும் நனையவில்லை.

பெரியவள் அழ ஆரம்பித்தது அப்போதுதான். அப்பா அழவில்லை. அவர் இன்னும் பின்கட்டிலேயே, சைக்கிள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் அதிகாரியே எழுந்து அவரிடம் போனார்.

"சார், இங்க பாருங்க" என்றார் அப்பா. "ஹேண்டில் பாரைத் திருப்பி நடுக்கம்பியோட ஒட்டி வெச்சிருக்காங்க. விழுந்து திரும்பினா முறுக்கிக்கிட்டு நிக்கும். இது நட்டைத் தளர்த்தித் திருப்பி, திரும்ப இறுக்கினது. சீட்டையும் அடி மட்டத்துக்கு இறக்கி இறுக்கியிருக்காங்க. இந்த ரெண்டு கம்பியிலயும் பெயிண்ட் போயிருக்கு பாருங்க. கயிறு அறுத்த தடம். முப்பத்தோரு வருஷம் சரக்கு கட்டினவன் சார் நான். வண்டி மேல ஏத்திக் கட்டுறவன்தான் இப்படி மடக்குவான்."

"அதனால?"

"இது ஓட்டிக்கிட்டு வந்து விழுந்த சைக்கிள் இல்ல. ஏத்திக்கிட்டு வந்து போட்ட சைக்கிள்."

அதிகாரி கைக்குட்டையை மாற்றிப் பிடித்தார். சைக்கிளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பவும் சைக்கிளைப் பார்த்தார். பிறகு பல் டாக்டருக்குப் போன் போட்டு, வேறு நேரம் கேட்டார். அந்த ஒரு காரியத்துக்காகவே பெரியவளுக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது.

"உட்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க. கடைசித் தகவல் எப்ப?"

"இருபத்திரண்டாம் நாள்" என்றாள் பெரியவள். "தினமும் ஏழு மணிக்குள்ள 'சேர்ந்தாச்சு'ன்னு எனக்கு ஒரு வார்த்தை அனுப்புவா. அன்னிக்கு அனுப்பினா. மறுநாள் வரலை."

"புகார் கொடுத்தது?"

பெரியவள் தொண்டையைச் செருமினாள். "இருபத்தஞ்சாம் நாள் காலையில."

அப்பா தலையைத் திருப்பினார். "என்னம்மா சொல்றே? மறுநாள் ராத்திரியே ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டேன்னு சொன்னியே?"

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தார். "எதிர்க் கடையில போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. வரும்போது உண்மையை மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. டீ ஆறிக்கொண்டிருந்தது.

"சொல்லு" என்றார் அப்பா.

பெரியவள் போனை எடுத்து, காலையில் பஸ்ஸில் தாண்டிப் போன அந்தக் குறிப்பைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"'ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடு. தினம் ஏழு மணிக்குள்ள அந்த ஆளுக்கு ஒரு வார்த்தை அனுப்பு. அந்த ஆளுக்கு நான் சொல்றது இதுதான். ஏழுக்கு வரலைன்னா எட்டுக்குப் போன் பண்ணு. ஒன்பதுக்கு ஸ்டேஷனுக்குப் பண்ணு. சிக்னல் இருக்காது, தூங்கியிருப்பான்னு உனக்கு நீயே சமாதானம் சொல்லிக்காதே. அந்தச் சமாதானத்துலதான் பொண்ணுங்க காணாமப் போறாங்க.'"

"அந்த ஒரு ஆள் நான்தான்" என்றாள் பெரியவள். "இருபத்திரண்டாம் நாள் ரெண்டு பேருக்கும் சண்டை. 'எனக்கு முடியலை'ன்னு அம்மா என்கிட்ட சொன்னதை அப்படியே அவகிட்ட சொன்னேன். திரும்பி வாடின்னேன். 'நீயும் ஆரம்பிச்சுட்டியா'ன்னு போனை வெச்சுட்டா. மறுநாள் ஏழுக்கு வரலை. வீம்பு பண்றான்னு நினைச்சேன். நானும் வீம்பா இருந்தேன். ரெண்டு ராத்திரி நல்லாத் தூங்கினேன்ப்பா. அதை நினைச்சாத்தான் எனக்கு..."

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் டீ கிளாஸைக் கையில் எடுத்து, குடிக்காமலே வைத்தார்.

"நான் பண்ணினது இதைவிட மோசம்" என்றார்.

"என்ன பண்ணினீங்க?"

"அவ கிளம்பின அன்னிக்கே என் கூட்டாளிங்க அத்தனை பேருக்கும் போன் போட்டேன். இப்பவும் வண்டி ஓட்டுறவங்களுக்கு. நீலச் சைக்கிள், மஞ்சள் சட்டை, தனியாப் போகுது, நம்ம வீட்டுப் பிள்ளை, பார்த்துக்கோங்கடான்னு. அவங்க இன்னும் நாலு பேருக்குச் சொன்னாங்க. தினமும் யாராவது கூப்பிடுவாங்க. 'பிரேக் அண்ணே, இந்த இடத்துல கடந்து போச்சு, நல்லாப் போகுது'ன்னு. ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்போம். உங்கம்மாவும் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருப்பா."

பெரியவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. குளிர் வந்தது. உச்சி வெயிலில் முதுகு சில்லிட்டது.

"எங்க தங்கப் போறேன்னு யார்கிட்டயும் சொல்லாதேன்னு எழுதியிருக்காப்பா அவ" என்றாள் மெதுவாக. "எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் சொல்லாதே, நல்லவங்கதான் பெருமையா நாலு பேர்கிட்ட சொல்வாங்கன்னு. முப்பது பொண்ணுங்களுக்குச் சொல்லிக்கொடுத்தா. அவ எங்க இருக்கான்னு ரோட்டுல போற அத்தனை ஆம்பளைக்கும் நீங்க தினம் தண்டோரா போட்டீங்க."

"பயம்மா. பயத்துல பண்ணினேன்."

"அவளுக்கு மட்டும் பயம் இல்லையா? பயப்படுறவதான் இத்தனை குறிப்பு எழுதுவா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, மடியில் கிடந்தது. அவரை அப்படிப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எழுந்திருங்க" என்றாள். "அந்தப் பேர் அத்தனையும் அவர்கிட்ட கொடுங்க."

"அவங்க எல்லாம் தங்கமான பசங்கம்மா. ஒருத்தன் மேல சந்தேகம் வந்தாலும் எனக்கு..."

"எழுந்திருங்கப்பா."

அதிகாரி பெயர்களை எழுதிக்கொண்டார். அப்பா ஒவ்வொரு பெயரையும் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பது போலக் கொடுத்தார். "இருபத்துமூணாம் நாள் அந்தப் பக்கம் யார் போனது?" என்று அதிகாரி கேட்டார்.

"அன்னிக்கு யாரும் எனக்குக் கூப்பிடலை. காணோம்னு வெளிய சொன்னா பொண்ணு பேர் கெட்டுடும்னு இவங்கம்மா சொன்னா, அதனால நானும் அவங்ககிட்ட கேட்கலை." அப்பா யோசித்தார். "ஆனா அந்த ரூட்டுல அந்த வாரம் கண்ணாடிதான் சிமெண்ட் ஏத்திக்கிட்டுப் போனான்."

கண்ணாடி என்றால் சோடா பாட்டில் கண்ணாடி போட்ட டிரைவர். அப்பாவிடம் கிளீனராக இருந்து தொழில் கற்றவர். இப்போது அவருக்கே ஐம்பது வயது.

"ஸ்பீக்கர்ல போட்டுக் கூப்பிடுங்க. நான் இருக்கேன்னு சொல்ல வேண்டாம்."

மணி நாலு தடவை அடித்தது. எடுத்ததும் இன்ஜின் சத்தமும் அதற்கு மேலே ஒரு உற்சாகக் குரலும் வந்தன.

"அண்ணே! எப்படி இருக்கீங்க? நானே கூப்பிடணும்னு இருந்தேன். பொண்ணு வீட்டுக்கு வந்து நல்லா இருக்குல்ல?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி கையை ஆட்டினார், பேசு என்று.

"எந்தப் பொண்ணுடா?" என்றார் அப்பா.

"என்னண்ணே, சின்னதுதான். அன்னிக்கு வேன்ல கூட்டிக்கிட்டுப் போனாங்களே. நான் எதிர்ல வந்தேன். வெள்ளை வேன், ஓரமா நிறுத்தியிருந்தாங்க. ரெண்டு பேர் மேல ஏறி சைக்கிளைக் கட்டிக்கிட்டிருந்தாங்க. பொண்ணு உள்ள ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல ஒரு அம்மா பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. உடம்புக்கு முடியலை போலன்னு நினைச்சேன்."

"எந்த இடம்?"

கண்ணாடி சொன்ன இடம், பாலத்துக்கு அறுபது கிலோமீட்டர் முன்னால். அதிகாரியின் பேனா வேகமாக ஓடியது.

"பார்த்தவன் ஏன்டா என்கிட்ட சொல்லலை?" அப்பாவின் குரல் உயர்ந்தது. "பதினெட்டு நாள்டா! பதினெட்டு நாளா என் பிள்ளையைக் காணோம்னு நாங்க நாயா அலையிறோம். ஏன்டா சொல்லலை?"

இன்ஜின் சத்தம் நின்றது. கண்ணாடி வண்டியை ஓரம் கட்டிவிட்டார் போல. அவர் குரலில் இருந்த உற்சாகமும் நின்றுபோயிருந்தது.

"காணோமா? அண்ணே, என்ன சொல்றீங்க? நான் அன்னிக்கே சொன்னேனே. சாயங்காலம் உங்க நம்பருக்குத்தான் போன் போட்டேன். நீங்க குளிச்சிக்கிட்டு இருக்கீங்கன்னு அண்ணிதான் எடுத்தாங்க."

"அண்ணியா?"

"ஆமாண்ணே. வேன், சைக்கிள், எல்லாம் சொன்னேன். 'தெரியும். நம்ம ஆளுங்கதான். வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வர்றாங்க'ன்னாங்க. அப்புறம், 'வந்து சேர்ற வரைக்கும் அவர்கிட்ட இதைப் பத்திப் பேச வேண்டாம், பொண்ணு விஷயம், கோபப்படுவார்'னாங்க. குடும்ப விஷயம்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

அதிகாரியே போனை எடுத்து அணைத்தார். கன்னத்திலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டார். வலி மறந்துபோயிருக்க வேண்டும்.

"வீட்டுல இப்ப யார் இருக்காங்க?"

"அம்மா மட்டும்தான்" என்றாள் பெரியவள். அந்தச் சொல் அவள் வாயில் ஏதோ புதுச் சொல் மாதிரி இருந்தது.

"நீங்க கூப்பிடுங்க. சாதாரணமாப் பேசுங்க."

அவள் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அம்மா. தெம்பில்லாதவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் போலிருக்கிறது.

"சொல்லும்மா."

சாதாரணமாகப் பேச வேண்டும் என்றுதான் பெரியவளும் நினைத்தாள். முடியவில்லை.

"அம்மா. சின்னவ எங்கம்மா?"

மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. அழுகிறாளா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள் பெரியவள். இல்லை. கதவு ஒன்று சாத்தப்படும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அம்மாவின் குரல், மிக அருகில், மிகத் தெளிவாக.

"அப்பா பக்கத்துல இருக்காரா? இருந்தா, முதல்ல அவரை வெளிய போகச் சொல்லு."

போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.